கமி முதல் செஃப் வரை

பிரெஞ்சு உணவகச் சமையலறையில் யாருக்கு என்ன வேலை, யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்பதை வகுத்து நிலைநிறுத்தியவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935). 13 வயதில் நீஸ் நகரில் உறவினரின் உணவகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1870இல் பிரஷ்யாவுடனான போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குச் சமைத்தவர். 1890இல் லண்டன் சவோய் ஹோட்டலின் சமையலறையை ஏற்றதும், அதைப் படைப்பிரிவு போலவே அடுக்கினார். மதுவையும் வசைச்சொல்லையும் உள்ளே விடவில்லை. அவருடைய அடுக்கைப் பின்பற்றிய சமையலறைகள் பலவும் இந்தத் தடையை மட்டும் கைவிட்டது வருத்தத்துக்குரியது. அந்த அடுக்கின் பதவிப் பெயர்கள் சென்னையின் நட்சத்திர ஓட்டல்கள் வரை வந்து சேர்ந்துவிட்டன.

அடிப்படி கமி, அதாவது இளநிலைச் சமையலாளர். பிரான்சில் இதற்காக இரண்டாண்டுத் தொழிற்சான்றிதழ் படிப்பவர்கள் பள்ளியிலும் உணவகத்திலும் மாறிமாறிப் பயில்வதுண்டு. தோலுரிப்பதும் நறுக்குவதும்தான் தொடக்கக் காலம் முழுக்க. கேரட்டை 2, 3 மில்லிமீட்டர் கட்டங்களாக, ஒன்றுபோல ஒன்று நறுக்க வேண்டும்; அளவு பிசகினால் சிறியது குழையும், பெரியது வேகாது.

அடுத்து, மீன், வாட்டல், காய்கறி, குளிர் உணவு, இனிப்பு எனப் பிரிந்த பகுதிகளுள் ஒன்றின் பொறுப்பாளர், அதாவது செஃப் தெ பார்ட்டி. இவர்களில் மதிப்பு மிக்கவர் சாஸ் தயாரிக்கும் சோசியே. காரணம் அவருடைய அடுப்பைப் பார்த்தாலே விளங்கும். கன்றின் எலும்பைச் சிவக்க வறுத்து, வெங்காயம், கேரட், செலரி சேர்த்து, நீர் ஊற்றி, மணிக்கணக்கில் சிறுதீயில் வைக்கிறார். மேலே திரளும் நுரையை அவ்வப்போது வழித்தெடுக்கிறார். தளதளவெனக் கொதிக்கவிட்டால் கொழுப்பு நீரோடு கலந்து சாறு கலங்கிவிடும். வடித்த தெளிவை மறுபடியும் சுண்டவைத்து, கரண்டியின் முதுகில் படியும் பதத்தில் இறக்குகிறார். உப்பைக் கடைசியில்தான் சேர்ப்பார்; முன்பே போட்டால் சுண்டச்சுண்டக் கரிக்கும். இந்தப் பதம் கைவராமல் மேலே போகும் அவசரம் நல்லதல்ல.

சூ செஃப் தலைமைக்கு அடுத்தவர்: ஆட்களைப் பகிர்வது, சரக்கைச் சரிபார்ப்பது, எல்லாப் பகுதிகளின் உணவையும் ருசி பார்ப்பது அவர் பொறுப்பு.

உச்சியில் இருக்கும் செஃப் அடுப்பருகே நிற்பது குறைவு. உணவுப் பட்டியலை உருவாக்குவது, விலை கணக்கிடுவது, கொள்முதல் ஆகியவற்றோடு, தட்டுகள் வெளியேறும் மேசையில் நின்று ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதும் அவர்தான். சாஸ் விளிம்பில் சிந்தியிருந்தால் துடைப்பார். மீன் அதிகம் வெந்திருந்தால் திருப்பியனுப்புவார்.

இப்படி இயங்கும் உயர்தர உணவகங்களை, உணவக வழிகாட்டியான மிஷலின் கையேடு 1926 முதல் நட்சத்திரமிட்டு வருகிறது. மூன்று நட்சத்திரம் வரையிலான தரவரிசை 1931இல் வந்தது. நட்சத்திரம் உணவகத்துக்கு உரியது. செஃப் விலகினால் அதை உடன் எடுத்துச்செல்ல முடியாது. புதிய இடத்தில் மறுபடியும் ஈட்ட வேண்டும்.