பணவீக்கமும் பள்ளிச் செலவும்

விலைவாசி ஏறும்போதெல்லாம் மக்கள் நாவில் புரளும் சொல் பணவீக்கம் என்பது. செய்தித்தாள் அதைப் பேசுகிறது. கடைக்காரர் அதைக் காரணம் காட்டுகிறார். கூலி உயர்வு கேட்கும் தொழிற்சங்கமும் அதையே சான்றாகக் கொள்கிறது. ஆயினும் அச்சொல்லின் பொருள் யாது என்று இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவரை வினவினால், "சாமான் விலை ஏறுவது" என்ற அளவில் விடை நின்றுவிடும். அவ்விடை தவறன்று, ஆனால் போதாது. போதாத விடையால் விளையும் கேடு தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. குடும்பம் தன் பிள்ளையின் படிப்புக்கென ஒதுக்கும் பணத்தையும் அது தொட்டுவிடுகிறது. அது எவ்வாறு நேர்கிறது, அதனை வகுப்பறையில் எங்ஙனம் விளக்குவது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கவை.

வீக்கம் வேறு, வளர்ச்சி வேறு

தமிழில் அமைந்த இச்சொல்லே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது. உடம்பு வளர்வதும் உடம்பு வீங்குவதும் ஒன்றல்ல என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். நாட்டில் பொருள்களும் பணிகளும் பெருகி, பணமும் அதற்கேற்பப் பெருகினால் அது வளர்ச்சி. பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகினாலும், பணம் அப்படியே இருக்கப் பொருள் அருகினாலும், ஒவ்வொரு வெள்ளியும் தன் வாங்கும் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கும். அடைமழையால் காய்கறி விலை இம்மாதம் ஏறி அடுத்த மாதம் இறங்கினால் அது பணவீக்கம் ஆகாது. பெரும்பாலான பொருள்களின் விலை, சராசரியாக, தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதுதான் பணவீக்கம்.

இதற்கு மலாயா மண்ணிலேயே தக்க எடுத்துக்காட்டுகள் மூன்று உண்டு. முதலாவது, 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானியர் ஆட்சி. அவ்வாட்சி வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால், அப்பணம் முழுவதையும் மக்கள் வாழைமர நோட்டு என்றே அழைத்தனர். தொடக்கத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பின்னர் வந்தவற்றில் அதுவும் இல்லை. ஒருபுறம் நோட்டுகள் கணக்கின்றிக் குவிந்தன. மறுபுறம் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவேண்டிய அரிசி அருகியது. மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தனர். பணம் பெருகுவதும் பொருள் அருகுவதும் ஒருங்கே நேர்ந்தமையால் விலைகள் கட்டுக்கடங்காமல் போயின. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியபின் அந்நோட்டுகள் செல்லாதவை ஆயின. அந்நோட்டுகளைக் கொண்டு பழைய கடனை அடைத்தவர்களின் வழக்கு எழுந்தபோது, கடன் தீர்த்த நாளைப் பொறுத்து அந்நாணயத்தின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையோடு 1948-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நோட்டில் அச்சிட்ட எண் வேறு, அதன் மதிப்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

இரண்டாவது, கொரியப் போர்க் காலம். 1949-இல் இராத்தல் ஒன்றுக்கு ஏறத்தாழ 38 காசாக இருந்த ரப்பர் விலை, 1950 ஜூனில் போர் மூண்டபின் தாவி ஏறி, 1951-இன் தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. தோட்டக் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்த காலம் அது. ஆதலின் கூலியும் ஏறியது. மிகுந்த பணம் கடைத்தெருவுக்கு வந்தபோது, அங்கிருந்த பொருள்களின் விலையும் உடன் ஏறியது. தேவை மிகுதியால் வரும் பணவீக்கம் இவ்வகையது. ரப்பர் விலை சரிந்தபோது கூலியும் சரிந்தது. ஏறிய விலைகளோ ஏறிய வேகத்தில் இறங்குவதில்லை.

மூன்றாவது, 1973 அக்டோபரில் மேற்காசியப் போரை அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடி. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 அமெரிக்க டாலர் விற்ற எண்ணெய், 1974-இன் தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டியது. அவ்வாண்டில் மலேசியாவில் விலைமட்டம் 17 விழுக்காட்டளவும், சிங்கப்பூரில் 22 விழுக்காட்டளவும் உயர்ந்தது. நோட்டு அச்சிட்டதனால் மட்டும் வந்த வீக்கம் அன்று இது. இறக்குமதியோடு கப்பலேறி வந்த விலையேற்றம்.

பள்ளிச் செலவு முந்தி ஓடுவது ஏன்?

எல்லா விலையும் ஏறும்போது கல்விச் செலவும் ஏறுவது இயல்பே. ஆயின், பொது விலைவாசி அமைதியாக இருக்கும் ஆண்டுகளிலும் உலகின் பல நாடுகளில் கல்விச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போவதைக் காணலாம். இதனைப் பணவீக்கத்தின் கணக்கில் எழுதிவிடுவது பொருந்தாது. இதன் காரணத்தை 1966-இல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இருவர், இசை, நாடகம் முதலிய கலைகளின் செலவை ஆராய்ந்து விளக்கினர்.

அவர்கள் கூறிய கருத்தைத் தோட்டத்து அனுபவம் கொண்டே புரியவைக்கலாம். 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புதிய ஒட்டுமர வகைகளை உருவாக்கிற்று. அவற்றுள் புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகை, பழைய விதைக்கன்று மரங்களைவிட இரு மடங்குக்கும் மேலாகப் பால் தந்தது. பால்வெட்டும் தொழிலாளி அதே காலைப் பொழுதில் முன்னினும் மிகுதியான ரப்பரை ஈட்டித் தந்தார். ஆலைகளிலும் இவ்வாறே இயந்திரங்கள் ஒரு மணி நேர உழைப்பின் பயனைப் பெருக்கின. ஆனால், முதலாம் ஆண்டு மாணவர் முப்பது பேருக்கு உயிரெழுத்தைக் கையைப் பிடித்து எழுதப் பழக்க ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எத்தனை நாள் ஆயிற்றோ, ஏறத்தாழ அத்தனை நாள் இன்றும் ஆகும். முப்பது பேரை அறுபது பேர் ஆக்கினால் செலவு பாதியாகலாம், படிப்பும் பாதியாகும்.

மற்றத் தொழில்களில் உழைப்பின் பயன் பெருகுந்தோறும் அங்கே சம்பளம் உயர்கிறது. ஆசிரியரின் சம்பளமும் அதற்கேற்ப உயராவிடில் அறிவுடையோர் அத்தொழிலுக்கு வரமாட்டார்கள். ஆதலின் ஒரு மாணவரைப் படிப்பிக்கும் செலவு, மற்றப் பொருள்களின் விலையோடு ஒப்பிடும்போது, மெல்ல மெல்ல உயர்ந்தே தீரும். இது யாருடைய பேராசையாலும் வருவதன்று. தொழிலின் தன்மையால் வருவது. நாடு முழுவதும் உழைப்பின் பயன் பெருகிவருவதால், அவ்வுயர்வைத் தாங்கும் ஆற்றலும் நாட்டுக்கு உண்டு என்று பாமல் பிற்காலத்தில் வற்புறுத்தினார். ஆனால் நாடு தாங்கவல்ல சுமையை, கூலி பின்தங்கிய தனிக் குடும்பம் தாங்கவல்லதா என்பது வேறு கேள்வி.

சராசரி மறைப்பது

விலைமட்டத்தை அளக்கப் பயனீட்டாளர் விலைக் குறியீடு என்றோர் அளவுகோல் உண்டு. சராசரிக் குடும்பம் எப்பொருளுக்கு எத்தனை பங்கு செலவிடுகிறது என்று கண்டு, அப்பங்குப்படி விலைகளைக் கூட்டிக் காண்பதே அது. மலேசியக் குறியீட்டில் உணவுக்கு நூற்றில் ஏறத்தாழ 30 பங்கு. கல்விக்கோ 2 பங்குக்கும் குறைவு. பள்ளிப் படிப்பின் பெருஞ்செலவை அரசாங்கமே ஏற்பது இதற்கு ஒரு காரணம். மற்றொன்றையும் கருத வேண்டும். பள்ளிச் சீருடை உடைப் பிரிவிலும், பள்ளிப் பேருந்துக் கட்டணம் போக்குவரத்துப் பிரிவிலும் சேர்ந்துவிடுகின்றன. தாய் தந்தையர் "பள்ளிச் செலவு" என்று ஒரே மூச்சில் சொல்வது, குறியீட்டில் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

ஒரு கணக்கைக் காண்க. இரு குடும்பங்கள் மாதம் 1,000 வெள்ளி செலவிடுவதாகக் கொள்வோம். முதற் குடும்பம் முதிய தம்பதியர்: உணவு 500, வீட்டு வாடகை 300, பிற 200. இரண்டாவது குடும்பத்தில் பள்ளிப் பிள்ளைகள் மூவர்: உணவு 400, வாடகை 250, பள்ளிச் செலவு 250, பிற 100. உணவு விலை 5 விழுக்காடும், வாடகை 2 விழுக்காடும், பள்ளிச் செலவு 10 விழுக்காடும், பிற 3 விழுக்காடும் ஏறினால், முதற் குடும்பத்துக்கு 37 வெள்ளியும் இரண்டாவதற்கு 53 வெள்ளியும் கூடுதலாக வேண்டும். ஒரே நாடு, ஒரே மாதம். ஆனால் ஒரு வீட்டில் 3.7 விழுக்காடு, மறு வீட்டில் 5.3 விழுக்காடு. செய்தித்தாளில் வரும் எண்ணைக் கண்டு, "எங்கள் வீட்டில் அப்படி இல்லையே" என்று தாய் ஒருத்தி சொன்னால், அவள் கணக்கும் சரி, குறியீடும் சரி.

அரசாங்கம் ஏற்கும் பங்கு

ஒரு செலவைக் குடும்பத்தின் தோளிலிருந்து இறக்கிவிட்டால், அதன் விலையேற்றம் அக்குடும்பத்தைத் தாக்காது. மலாயாவில் 1962-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டதும், 1975-இல் பாடநூல் இரவல் திட்டம் தொடங்கிப் பின்னர் 2008 முதல் வருமான வரம்பின்றி மாணவர் அனைவருக்கும் விரிந்ததும் இவ்வகைத் துணைகளே. செலவு அங்கே மறைந்துவிடவில்லை. பொதுக் கருவூலத்துக்கு மாறியது. காலணி, புத்தகப்பை, பேருந்து, பிரத்தியேக வகுப்பு ஆகியன இன்றும் குடும்பத்தின் தோளிலேயே இருக்கின்றன. பணநெருக்கடி வந்தால் அரிசியைக் குறைக்க முடியாது. வாடகையை நிறுத்த முடியாது. குறைக்க இயன்றது பிள்ளையின் பிரத்தியேக வகுப்பும் மேற்படிப்பும்தான். பணவீக்கம் ஏழையின் வீட்டில் கல்வியை முதலில் வெட்டுவது இவ்வாறே.

மேற்படிப்புக்கான சேமிப்பும் இதற்கு விலக்கன்று. எழுபத்திரண்டை ஆண்டு விலையேற்ற விழுக்காட்டால் வகுத்தால், விலைகள் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். நான்கு விழுக்காடாயின் 18 ஆண்டு. பிள்ளை பிறந்த அன்று பெட்டியில் பூட்டிய 10,000 வெள்ளி, அப்பிள்ளை பல்கலைக்கழக வாயிலை மிதிக்கும்போது 5,000 வெள்ளிக்குரிய பொருளையே வாங்கும். பணத்தைச் செலவிடாமல் காப்பது மட்டும் சேமிப்பாகாது. விலையேற்றத்தை ஈடுசெய்யும் வட்டியோ இலாபமோ தரும் இடத்தில் அதனை வைக்க வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

மலேசியாவில் பொருளியல் நான்காம், ஐந்தாம் படிவங்களில் விருப்பப் பாடம். சிங்கப்பூரிலோ பெரும்பாலும் தொடக்கக் கல்லூரியில்தான் அதனைப் பயில்கின்றனர். ஆகவே பெரும்பாலான மாணவர் பணவீக்கத்தைப் பாடமாகப் படியாமலே பள்ளியை விட்டுச் செல்கின்றனர். இக்குறையைக் கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஓரளவு நிறைவு செய்யலாம்.

ஆண்டுத் தொடக்கத்தில் அரிசி, சீனி, சமையல் எண்ணெய், முட்டை, அப்பியாசப் புத்தகம், காலணி எனப் பத்துப் பொருள்களின் விலையை மாணவர் எழுதி வைக்கட்டும். பொருளின் வகையையும் அளவையும் மாற்றாமல், மாதந்தோறும் அதே கடையில் விலை குறித்து வரட்டும். ஆண்டு முடிவில் எது ஏறிற்று, எது இறங்கிற்று, மொத்தம் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடலாம். காரணங்களைத் தமிழில் ஒரு பக்கக் கட்டுரையாக எழுதச் சொல்லலாம்.

மூத்த மாணவருக்கு மற்றொரு கணக்குத் தரலாம். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியாகவும், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகவும் ஆயிற்று. உயர்வு 13.3 விழுக்காடு. அவ்விடைக்காலத்தில் விலைமட்டம் எவ்வளவு உயர்ந்தது என்பதைப் புள்ளிவிவரத் துறையின் அறிக்கையில் தேடி, தொழிலாளியின் உண்மைக் கூலி கூடிற்றா குறைந்ததா என்று மாணவரே முடிவு செய்யட்டும். பின்னர், பள்ளிப் பிள்ளைகள் மூவரை உடைய வீட்டில் அம்முடிவு மாறுமா என்றும் வினவலாம்.

இப்பயிற்சிகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், கடைக்குப் போகும் பிள்ளையும், கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியரும் போதும். இவ்வாறு பழகிய மாணவர் நாளை ஒரு குடும்பத்தை நடத்தும்போது, எந்தச் செலவு சில மாதங்களில் தணியும், எந்தச் செலவு தணியாது என்று பிரித்தறிவார். தன் பிள்ளையின் படிப்பை நிறுத்துமுன் வேறு வழி உண்டா என்று எண்ணிப் பார்ப்பார்.