செல்ப் அடிக்காத லொறியும் வால் இயந்திரம் வேலை செய்யாத விமானமும்

ஊவாப் பக்கம் மரக்கறி வியாபாரம் செய்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. வெலிமடையில் ஏற்றிய கோவாவையும் போஞ்சியையும் பெரகலை, கொஸ்லந்தை வழியாக மொனராகலைக்குக் கொண்டுபோன காலத்தில் என் லொறியின் செல்ப் மோட்டார் பழுதாகிவிட்டது. "அது ஒண்டும் பெரிய காரியமில்ல முதலாளி, சரிவு பார்த்து நிப்பாட்டினா தள்ளாமலே ஸ்டார்ட் ஆகும்" என்றார் டிரைவர் தம்பி. மலைநாட்டில் சரிவுக்கா பஞ்சம்? மீரியபெத்த சந்தியில் தேநீர் குடிக்க நின்றாலும் லொறி மூக்கைத் தாழ்த்தித்தான் நிற்கும். இப்படியே மூன்று மாதம் ஓடியது. செல்ப் மாற்றும் செலவு மிச்சம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு நாள் வெல்லவாயவில் எஞ்சின் நின்றது. அது சமதரை. நல்ல வெயில். தள்ள ஆள் பிடிப்பதற்குள் மரக்கறி வாடிவிட்டது. அன்று நட்டப்பட்ட பணத்தில் இரண்டு செல்ப் வாங்கியிருக்கலாம்.

விமானத்துக்கும் இப்படி ஒரு 'செல்ப்' உண்டு. அடுத்த முறை கட்டுநாயக்கவுக்குப் போனால் விமானத்தின் வால் நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு துவாரம் தெரியும். அது ஏ.பி.யூ. எனப்படும் துணை இயந்திரத்தின் புகைவாய். இது விமானத்தைப் பறக்க வைப்பதில்லை. தரையில் நிற்கும்போது விளக்குக்கும் கருவிகளுக்கும் மின்சாரம் கொடுக்கும். குளிரூட்டிக்கும், பெரிய இயந்திரங்களைச் சுழற்றி ஸ்டார்ட் செய்வதற்கும் அழுத்தக் காற்றுக் கொடுக்கும். பயணிகள் ஜெட் விமானங்களில் இதை முதலில் பொருத்திக்கொண்டு வந்தது 1960களின் போயிங் 727. வசதி குறைந்த சிறிய விமான நிலையங்களுக்கும் போய்வர வேண்டும் என்பதே நோக்கம்.

இந்த இயந்திரம் பழுதானால் விமானம் பறக்கலாமா? பெரும்பாலும் பறக்கலாம். 'குறைந்தபட்ச உபகரணப் பட்டியல்' என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு. எந்தப் பொருள் பழுதாக இருந்தாலும் புறப்படலாம், அதற்கு என்ன நிபந்தனை, எத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பல வகை விமானங்களில் ஏ.பி.யூ.வுக்குக் கொடுக்கப்படும் தவணை 10 நாட்கள். பழுது கண்டுபிடித்த நாள் அதில் சேராது.

அந்தப் பத்து நாளும் வேலை கொஞ்சம் சிரமம்தான். விமானம் வந்து நின்றதும் வெளியிலிருந்து மின்சார வண்டியை இணைக்க வேண்டும். புறப்படும்போது காற்றழுத்த வண்டி வந்து ஒரு எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொடுக்க வேண்டும். பின்னால் நகர்த்திய பிறகு, ஓடும் எஞ்சினின் வேகத்தைக் கூட்டி அதன் காற்றால் மற்றதை ஸ்டார்ட் செய்வார்கள். அப்போது பின்னால் ஆளோ வண்டியோ நிற்கக் கூடாது. குளிர்காற்று கொடுக்கும் வண்டி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பயணிகள் வியர்வையில் நனைவார்கள்.

இந்த வண்டிகள் இல்லாத ஊரில் இறங்கி எஞ்சின்களை நிறுத்தினால் என் லொறி வெல்லவாயவில் நின்ற கதைதான். விமானத்தைச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்ய முடியாது. 2019 ஒக்டோபரில் சென்னையிலிருந்து பலாலிக்கு வந்து இறங்கிய ஏ.டி.ஆர்.72 விமானத்தில் ஏ.பி.யூ.வே கிடையாது. அதற்குப் பதிலாக வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி மின்சாரம் எடுப்பார்கள். இல்லாத பொருளுக்கு முன்கூட்டியே வழி செய்துவைத்த கெட்டித்தனம் அது.

ஏ.பி.யூ. தரைக்கு மட்டுமான சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். 2009 ஜனவரி 15ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து 155 பேருடன் புறப்பட்ட எயார்பஸ் ஏ320 விமானத்தின் இரு எஞ்சின்களும் பறவைகள் மோதிச் செயலிழந்தன. கப்டன் சல்லன்பர்கர் உடனடியாகச் செய்த காரியங்களில் ஒன்று ஏ.பி.யூ.வை ஸ்டார்ட் செய்தது. சரிபார்ப்புப் பட்டியலில் அது பின்னால் வரும் விடயம். அவர் காத்திருக்கவில்லை. மின்சாரம் குறையாமல் கிடைத்ததால் விமானத்தின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் கடைசிவரை வேலை செய்தன. ஹட்சன் ஆற்றில் இறங்கிய அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள். கரையிலிருந்து வெகுதூரம் கடல் மீது பறப்பதற்கு, சில வகை விமானங்களை ஏ.பி.யூ. பழுதான நிலையில் அனுமதிக்காததும் இதனால்தான்.

வியாபாரிகளான நாம் இதில் படிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பழுதோடு ஓடுவது குற்றமல்ல. எந்தக் கடையிலும் எல்லாம் சரியாக இருக்காது. ஆனால் விமானக்காரன் பழுதைப் புத்தகத்தில் எழுதுகிறான், மாற்று வழி வைக்கிறான், தவணை குறிக்கிறான். தவணை முடிந்தும் திருத்தவில்லை என்றால் விமானம் தரையில் நிற்கும். நான் லொறி விடயத்தில் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை.

தேநீர் குடித்த மீரியபெத்தவை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. அந்த மலை ஆபத்தானது, மக்களை இடம்மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பழுது எழுதப்பட்டுத்தான் இருந்தது. போவதற்குக் காணியும் வீடும் கொடுத்து, இந்தத் திகதிக்குள் மாற்றியே தீருவோம் என்று தவணை குறித்து அதை நிறைவேற்றியவர் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. பிழைத்தவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான். அந்தக் காணி 2011இலேயே கிடைத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் முழுதாக இருந்திருக்கும்!

இந்த வாரம் கடையைப் பூட்டுமுன் ஒரு கொப்பியை எடுங்கள். பழைய வயர், தேய்ந்த டயர், கசியும் கூரை எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திகதி போடுங்கள். அந்தத் திகதி வந்தும் திருத்தவில்லையானால், நட்டம் வந்தாலும் பரவாயில்லை, அந்தப் பொருளை நிறுத்தி வையுங்கள்.