அரை மீட்டர் உயரத்தில் ஒரு கயிறு

ஜூன் மாதக் காலை, மணி ஆறு. கல்லூரி திறந்து ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. எங்கள் மகளிர் கல்லூரியின் கூடைப்பந்துத் திடலில், சிமெண்டு நிரப்பிய இரண்டு பழைய டின்களில் மூங்கில் கழிகளை நட்டு, அவற்றின் உச்சியில் ஒரு நைலான் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் வந்த வாயிற்காவலர் அண்ணாந்து பார்த்தார். "என்னம்மா, விடுதிப் பிள்ளைங்களுக்குத் துணி காயப்போட வேற இடமில்லையா?" என்று கேட்டார். விளையாட வந்த மாணவிகள் சிரித்துவிட்டார்கள்.

இயற்பியல் நடத்தும் எனக்குக் கூடைப்பந்துத் திடலில் என்ன வேலை என்று நீங்களும் கேட்கலாம். சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியின் இறுதி ஆட்டம். எங்கள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருந்தபோது, எதிரணியினர் செய்த தவறுக்காக எங்கள் அணித்தலைவிக்கு இரண்டு 'ஃப்ரீ த்ரோ' கிடைத்தன. யாரும் தடுக்க மாட்டார்கள். கோட்டில் நின்று, நடுவர் பந்தைத் தந்த ஐந்து வினாடிக்குள் எறிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் வெற்றி. இரண்டு பந்துகளும் வளையத்தின் முன் விளிம்பில் மோதித் திரும்பிவிட்டன.

அந்த மாணவி என் வகுப்பில் படிப்பவள். புதிய ஆண்டு தொடங்கியதும் என்னிடம் வந்து, "இந்த வருஷம் நான் அணியில் சேரவில்லை மேடம். எனக்குக் கையில் பலம் போதாது. முழு பலத்தோடு நேராக எறிந்தும் பந்து போய்ச் சேரவில்லையே" என்றாள்.

"பலம் போதாது என்பதை அளந்து பார்த்தாயா?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். அன்று மாலையே அளவுநாடாவுடன் திடலுக்குப் போனோம்.

பத்தடி உயரம் எப்படி வந்தது?

அளப்பதற்கு முன் ஒரு சிறு வரலாறு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உடற்கல்வி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மேல்மாடத்தின் விளிம்பில் அடித்து மாட்டினார். அந்த விளிம்பின் உயரம் பத்தடி. அதனால்தான் இன்றும் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

மறு ஆண்டே, அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை இதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். 1893 மார்ச் 22 அன்று அங்கு நடந்த ஆட்டமே கல்லூரிப் பெண்கள் ஆடிய முதல் கூடைப்பந்தாட்டம் என்பார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை! பெண்களின் உடல் இந்த ஓட்டத்தைத் தாங்குமா என்ற ஐயம் அக்காலத்தில் பலருக்கும் இருந்தது. ஆகவே பெரென்சன் திடலை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும் என விதிகளை மாற்றினார். மகளிர் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1976இல், மான்ட்ரியலில். "பெண்ணுக்குப் பலம் போதுமா?" என்ற கேள்வி இந்த விளையாட்டோடு கூடவே வந்த கேள்வி. எங்கள் மாணவி அதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டாள்.

வளையலும் வளையமும்

இப்போது அளவுகளுக்கு வருவோம். வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ. மகளிர் ஆடும் ஆறாம் எண் பந்தின் விட்டம் சுமார் 23 செ.மீ. ஆக, வளையத்தின் வாய் பந்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. "இவ்வளவு பெரிய வாயிலா நான் தவறவிட்டேன்!" என்று மாணவி வியந்தாள்.

ஒரு வளையலை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்கு இணையாகப் பிடித்து, நேர் மேலிருந்து பாருங்கள்: முழு வட்டம் தெரியும். கண்ணைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தாழ்த்துங்கள். வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும். கண்ணும் வளையலும் ஒரே மட்டத்திற்கு வந்தால் வெறும் கோடுதான். பந்தும் வளையத்தை இப்படித்தான் 'பார்க்கிறது'. செங்குத்தாக இறங்கும் பந்துக்கு வாய் 45 செ.மீ. சாய்ந்து வரும் பந்துக்கு, 45 செ.மீ.ஐ நுழைகோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைக்கும் அகலமே வாய். பந்து வளையத்தின் தளத்தோடு ஆக்கும் கோணம்தான் நுழைகோணம்.

நுழைகோணம் 31 பாகைக்குக் குறைந்தால் வாய் 23 செ.மீ.க்கும் சிறிதாகிவிடும். அப்போது விளிம்பைத் தொடாமல் பந்து உள்ளே போக வழியே இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

எங்கள் மாணவி நுனிக்காலில் எழும்பிப் பந்தை விடும் இடம், தரையிலிருந்து 2.05 மீ. வளையம் அதற்கு மேல் சரியாக 1 மீ. கோட்டிலிருந்து வளையத்தின் நடுப்புள்ளி 4.2 மீ. தொலைவு. பந்து கையைவிட்டபின் அதை ஆள்வது புவியீர்ப்பு விசை. பாதை ஒரு பரவளையம். நீங்கள் படித்த எறிபொருள் சமன்பாடுகளே போதும். காற்றின் தடை சிறிது என்பதால் விட்டுவிட்டேன். கிடைத்த விடைகள் இவை:

எறிகோணம் 45°: நுழைகோணம் 28°, வாய் 21 செ.மீ., தேவையான வேகம் வினாடிக்கு 7.35 மீ.
எறிகோணம் 50°: நுழைகோணம் 36°, வாய் 26 செ.மீ., வேகம் 7.23 மீ.
எறிகோணம் 52°: நுழைகோணம் 39°, வாய் 28 செ.மீ., வேகம் 7.22 மீ.
எறிகோணம் 55°: நுழைகோணம் 44°, வாய் 31 செ.மீ., வேகம் 7.25 மீ.
எறிகோணம் 60°: நுழைகோணம் 51°, வாய் 35 செ.மீ., வேகம் 7.42 மீ.

முதல் வரியைப் பாருங்கள். 23 செ.மீ. பந்துக்கு 21 செ.மீ. வாய்! 'நேராக' எறிவதாக எண்ணிய மாணவி பந்தைத் தட்டையாக எறிந்துகொண்டிருந்தாள். முன் விளிம்பில் மோதாமல் வேறென்ன செய்யும்?

இப்போது கடைசி எண்ணைக் கவனியுங்கள். தட்டையான 45° எறிவுக்கு 7.35 மீ. வேகம் வேண்டும், உயர்ந்து செல்லும் 52° எறிவுக்கு 7.22 போதும். தட்டையாக எறிந்தால் பலம் மிச்சமாகும் என்று நினைத்தாள் அல்லவா? உண்மையில் அவள் கூடுதலாகப் பலத்தைச் செலவிட்டு, குறுகிய வாய்க்குள் எறிந்திருக்கிறாள். இந்த வரிகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் குறை என் பலத்தில் இல்லையா மேடம்?" என்றாள்.

மிகக் குறைந்த வேகத்துக்குரிய கோணத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பந்தை விடும் இடத்திலிருந்து வளையத்தின் நடுவுக்கு ஒரு நேர்கோடு வரைந்தால், அது கிடைத்தளத்தோடு 13.4° சாய்ந்திருக்கும். அதில் பாதி 6.7°. அதனுடன் 45°ஐக் கூட்டுங்கள்: 51.7°. அவ்வளவுதான்.

இன்னும் உயரே எறிந்தால் என்ன?

கோணம் கூடக்கூட வாய் விரிகிறதே, 70 பாகையில் எறியலாமே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் கை ஓர் இயந்திரம் அல்ல. ஒரு பாகை, இரண்டு பாகை தவறத்தான் செய்யும். அந்தத் தவறு எவ்வளவு தண்டனை தரும் என்று பார்க்க வேண்டும்.

52 பாகையில் எறிய எண்ணி, அதே வேகத்தில் 54இல் எறிந்துவிட்டால், பந்து 2 செ.மீ. மட்டுமே முன்னதாக விழும். 60இல் எறிய எண்ணி 62இல் எறிந்தால் 15 செ.மீ. தவறும். 70க்குப் பதில் 72 ஆனாலோ 35 செ.மீ.! காரணம் இதுதான்: சட்டியின் அடியில் நிற்கும் எறும்பு சற்று நகர்ந்தாலும் அதன் உயரம் மாறுவதில்லை. சரிவில் நிற்கும் எறும்பு அதே அளவு நகர்ந்தால் உயரம் நன்றாக மாறும். வேகம் மிகக் குறைவாக இருக்கும் 52° என்பது சட்டியின் அடி. அங்கே சிறு பிழைகள் மன்னிக்கப்படுகின்றன.

வேகத்தில் வரும் பிழை மட்டும் எளிதில் மன்னிக்கப்படுவதில்லை. நூற்றில் ஒரு பங்கு கூடினால் பந்து 11 செ.மீ. தள்ளிப்போய் விழும். விளிம்பைத் தொடாமல் விழ, நடுப்புள்ளியிலிருந்து 52°இல் 4 செ.மீ. வரைதான் விலகலாம், 55°இல் 6 செ.மீ. ஆகவே 52 முதல் 55 வரையே எங்களுக்கு ஏற்றது என்று முடிவு செய்தோம். 2008இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி சில்வர்பெர்க், சாவ் ட்ரான் ஆகியோர் ஏராளமான எறிவுகளைக் கணினியில் நடத்திப் பார்த்து, ஆண்களின் ஃப்ரீ த்ரோவுக்குச் சொன்னதும் 52 பாகைதான். பந்து வினாடிக்கு மூன்று முறை பின்னோக்கிச் சுழல வேண்டும் என்றும் அவர்கள் கண்டனர். பின்சுழற்சியோடு வரும் பந்து பலகையில் மோதும்போது, அதன் முன்பக்கம் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். உராய்வு அதைக் கீழ்நோக்கி இழுக்கும். பந்து வளையத்தை நோக்கி இறங்கும்.

ஊசியில் நூல் கோக்கும்போது யாரும் முழு பலத்தையும் செலுத்துவதில்லை. ஃப்ரீ த்ரோவும் அப்படிப்பட்ட வேலைதான். ஒரே அளவு வேகத்தை நூறு முறையும் தருவதே பயிற்சி. அதில் பெரும்பங்கைக் கால்கள் ஏற்றுக்கொண்டால், கை வழிகாட்டினால் போதும்.

கயிறு ஏன்?

கோட்டில் நிற்கும் பெண் கோணமானியை வைத்துக்கொண்டு எறிய முடியாது. அதனால்தான் கயிறு. 52° பாதையின் உச்சி, கோட்டிலிருந்து 2.6 மீ. தள்ளி வருகிறது. அங்கே, வளையத்தைவிட அரை மீட்டர் கூடுதலாக, 3.55 மீ. உயரத்தில் கயிற்றைக் கட்டினோம். 45° எறிவு அதன் அடியில் நுழைந்து போகும். 50° எறிவு கயிற்றில் உரசும். 52° எறிவு மயிரிழையில் தாண்டும். சந்தேகம் வந்தால் நிறுத்துகடிகாரம் இருக்கிறது: தட்டையான பந்து 0.8 வினாடியில் வளையத்தை அடையும். நல்ல பந்துக்கு ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும்.

முதல் வாரம் மாணவியின் பந்துகள் கயிற்றைத் தாண்டின, வளையத்தையும் தாண்டின! "தீபாவளி ராக்கெட்" என்று தோழிகள் கேலி செய்தார்கள். பழைய முறைக்கே போய்விடலாமா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்போது அவளுக்கு வில்ட் சேம்பர்லினின் கதையைச் சொன்னேன். ஏழடி உயர அமெரிக்க வீரரான அவர், ஃப்ரீ த்ரோ எறிவதில் மட்டும் பலவீனமானவர். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அன்று இரு கைகளாலும் கீழிருந்து மென்மையாக எறியும் முறையில் 32 ஃப்ரீ த்ரோக்களில் 28ஐப் போட்டார். ஆனால் அந்த முறை பெண்பிள்ளை எறிவதுபோல் இருக்கிறதே என்று கூசி, பின்னர் அதைக் கைவிட்டார், பழையபடி தவறவிட்டார். கைவிட்டது தவறு என்று பின்னாளில் தாமே எழுதினார். அதே கீழ்க்கை முறையைக் கேலிக்கு அஞ்சாமல் கடைசிவரை பின்பற்றிய ரிக் பாரி, 1980இல் ஓய்வுபெறும்வரை நூற்றுக்கு 89 என்ற அளவில் போட்டுவந்தார்.

மாணவி ஒன்றும் சொல்லாமல் மறுபடி கோட்டுக்குப் போனாள். இப்போது ஒரு நோட்டுப் புத்தகமும் திடலில் இருக்கிறது. அதில் ஐந்து பத்திகள்: உள்ளே, முன் விளிம்பு, பின் விளிம்பு, இடம், வலம். இடம், வலம் என்றால் திசைப் பிழை. முன், பின் என்றால் வேகப் பிழை அல்லது கோணப் பிழை. எதைத் திருத்த வேண்டும் என்று நோட்டே சொல்லிவிடுகிறது. முன் விளிம்புப் பத்தியில் கோடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகஸ்டில் போட்டிகள் தொடங்கும். வெற்றி தோல்வியை இயற்பியலால் சொல்ல முடியாது. பலம் போதாது என்று இனி அவள் விலகமாட்டாள். அது எனக்குத் தெரியும்.

நீங்களும் செய்து பாருங்கள்

நீங்கள் பந்தை விடும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அது 1.65 மீ. என்றால், வளையம் 1.4 மீ. மேலே இருக்கும். உங்களுக்கு ஏற்ற கோணம் எது? 54 பாகைக்குச் சற்று மேல் என்று விடை வந்தால் நீங்கள் சரியாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். உயரம் குறைந்தவர் சற்று உயர்த்தி எறிய வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும். அந்தப் பாதையின் உச்சி எங்கே வரும் என்று கண்டு, உங்கள் பள்ளித் திடலிலும் ஒரு கயிறு கட்டுங்கள். எங்கள் வாயிற்காவலர் இப்போது துணியைப் பற்றிக் கேட்பதில்லை. தினமும் காலையில், "இன்னைக்கு எத்தனை தாண்டிச்சு?" என்றுதான் கேட்கிறார்.