பழுது பார்ப்போம் – 9: காயலான் கடையில் பாதி சைக்கிள்

போன வாரம் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டோம். இந்த வாரம், மாடிப்படிக்கு அடியில் துருவேறிக் கிடக்கும் அந்த 28 இஞ்ச் சைக்கிளை வெளியே இழுத்துப் போடுங்கள்.

1949-ல் தொடங்கிய சென்னையின் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல் சோனிபட்டில் பிறந்த அட்லஸ், 1956-ல் லூதியானாவில் சைக்கிள் செய்ய இறங்கிய ஹீரோ ஆகிய மூவருமே பெரிய சைக்கிளுக்கு இங்கிலாந்து ரோட்ஸ்டரின் அளவுகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதனால் டி.ஐ.யின் ஹெர்குலிஸ் பெடல் ஹீரோவில் ஏறும். அட்லஸின் சக்கரம் டி.ஐ.யின் பி.எஸ்.ஏ.வில் உட்காரும். காயலான் கடைச் சாமானை வைத்தே சைக்கிளைத் தேற்ற முடிவது இந்தப் பொது அளவினால்தான். ஆனால் கிடைப்பதையெல்லாம் அள்ளிவரக் கூடாது.

கடைக்குப் போகும்போது ஒரு இரும்பு டேப்பைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். செயினை நீட்டிப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளந்து பாருங்கள். நல்ல செயின் என்றால் அங்கே இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். அது 1/8 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயின் தேய்ந்து நீண்டுவிட்டது என்று அர்த்தம். அதை மாட்டினால் ஃப்ரீவீலின் பற்களையும் தின்றுவிடும். அடுத்தது கோன். பால்ரஸ் ஓடிய தடத்தில் விரல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் குழி விழுந்த கோன். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ரிம், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் ஆகியவற்றைத் தாராளமாகப் பழையதில் வாங்கலாம். கம்பி பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும் என்பதால் அதற்கேற்ற ரிம்மாகப் பார்த்து எடுங்கள்.

பால்ரஸ் மட்டும் புதிதாகவே இருக்கட்டும். முன் சக்கரத்துக்கு 3/16 அங்குலம், பின் சக்கரத்துக்கும் பி.பி.க்கும் (கிராங்க்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்) 1/4 அங்குலம். பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள். தேயாத உருண்டை மயிரிழை பெரிதாக இருக்கும். பாரமெல்லாம் அதன் தலையில் விழுந்து, கப்பும் கோனும் சீக்கிரம் கெடும். கப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிரீஸைத் தடவி, உருண்டைகளை அதில் பதித்துவிட்டால் கவிழ்த்தாலும் உதிராது.

வீட்டில் செய்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் காட்டர் பின். கிராங்க்கை அச்சோடு பிடித்துவைக்கும் ஆப்பு இது. நட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடித்தால் மரை நசுங்கும். நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்க்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக்கொடுத்து, ஒரே அடியாக அடியுங்கள். முட்டு இல்லாவிட்டால் அந்த அடி உள்ளே இருக்கும் கப்பில் இறங்கும். திரும்ப மாட்டும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும்; ஒரே பக்கமாகப் போட்டால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது.

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், பி.பி.யின் வலது கப்புக்கும் அப்படியே. திருகு நகரவில்லை என்று பலத்தைக் காட்டுவதற்கு முன் திசையைச் சரிபாருங்கள். பழைய இங்கிலாந்து ராலே வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அதன் பி.பி.யில் அங்குலத்துக்கு 26 மரை, மற்றவற்றில் பொதுவாக 24. கப் மாறி ஏறாது.

எல்லாம் பூட்டிய பிறகு தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்து, காட்டர் பின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் அவை கட்டாயம் இளகும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் முன் ஃபோர்க்கைக் காயலான் கடையில் வாங்காதீர்கள். வளைந்ததை நிமிர்த்திப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. செயின் அறுந்தால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். ஃபோர்க் ஒடிந்தால் பல் போகும்.

(அடுத்த வாரம்: மேஜை மின்விசிறி)