சுருட்டை விரியன் நஞ்சும் அதைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை பரந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில், கண்மாய்க் கரையிலும் சீமைக்கருவேலங்காட்டிலும் கல் குவியல்களின் இடுக்கிலும் வாழத்தக்க நச்சுப்பாம்புகளுள் சுருட்டை விரியனும் ஒன்று. பெரும்பாலும் ஒன்றரை அடியைத் தாண்டாத இந்தச் சிறு பாம்பின் நஞ்சில் எக்காரின் என்னும் நொதி, அதாவது உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் ஒரு புரதம், இருக்கிறது. கல்லீரலில் உருவாகிக் குருதியில் செயலற்று மிதக்கும் புரோத்ராம்பின் என்ற புரதத்தை எக்காரின் வெட்டிவிட, அது உறைவைத் தூண்டும் வடிவத்துக்கு மாறி, உறைகட்டிக்கு இழையாகும் ஃபைப்ரினோஜனை நாளங்களுக்குள்ளேயே செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. உறையச் செய்யும் நொதிதான் முடிவில் குருதியை உறையாமல் ஆக்குகிறது என்பதே இந்த நஞ்சின் கொடுமை. ஈறிலும் பழைய காயத்திலும் குருதி கசிவது அதனால்தான்.

மருத்துவமனைகளில் இதை அறியும் வழி மிக எளிது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் குருதியை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைத்து, பின்பு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். நீராக ஓடினால் உறைவு கெட்டிருக்கிறது. கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைவைத் தூண்டுகிறது என்பதால், பிளாஸ்டிக் குழாயில் செய்தால் இச்சோதனை பொய்யாகிவிடும். உறைவு கெட்டதை இது சொல்லுமே தவிர, கெடுத்தது சுருட்டையா கண்ணாடி விரியனா என்பதையும், எவ்வளவு நஞ்சு இன்னும் குருதியில் சுற்றுகிறது என்பதையும் சொல்லாது.

அந்த இடத்தில்தான் ஆய்வாளர்களுக்குப் பாலிகுளோனல் எதிர்ப்பொருள் கைகொடுக்கிறது. முயலுக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தினால், அதன் உடல் நொதியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பற்றக்கூடிய பலவகை எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். பல செல் குலங்களிலிருந்து வரும் இந்தக் கலவையே பாலிகுளோனல். ஒரே பகுதியை மட்டும் பற்றும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள், அந்தப் பகுதி சற்று மாறியிருந்தால் நொதியைத் தவறவிடக்கூடும். கலவையோ வேறு பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். ஊருக்கு ஊர் நஞ்சின் தன்மை மாறுபடுவதால் இக்குணம் மிக வேண்டியது. ஆனால் உறவான நொதிகளையும் அது சேர்த்துப் பிடிக்கும் என்பதால், கண்ணாடி விரியன் நஞ்சு பூசிய மணிகளின் வழியே கலவையை ஓடவிட்டு, பொதுவானவற்றைக் கழித்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஒரு முயலின் கலவை இன்னொரு முயலில் அப்படியே கிடைக்காது என்ற குறையும் உண்டு.

எலிசா என்னும் முறையில், 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் எதிர்ப்பொருளை ஒட்டவைத்து, அதன்மேல் நோயாளியின் குருதி நீரை ஊற்றி, கழுவி, நிறமூட்டும் நொதி இணைத்த மற்றோர் எதிர்ப்பொருளைச் சேர்த்து, மீண்டும் கழுவி, அந்த நொதி நிறமாற்றும் தெளிந்த நீரை விட்டால், நஞ்சு இருக்கும் குழியில் அது நீலமாகி, அமிலம் விட்டதும் மஞ்சளாகும். மஞ்சள் அடர்ந்தால் நஞ்சு மிகுதி. பாம்பு நஞ்சை இவ்வாறு அளக்கும் வழியை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தீக்ஸ்டன் குழு 1977இல் வெளியிட்டது. இலங்கையில் கண்ணாடி விரியன் கடியுற்றோரிடம் முயல் எதிர்ப்பொருள்களைக் கொண்டு நஞ்சின் அளவு ஆராயப்பட்டிருக்கிறது.

குதிரைகளிலிருந்து எடுக்கப்படும் நஞ்சுமுறி மருந்தும் இதே பாலிகுளோனல் கலவைதான். அது நஞ்சைக் கட்டிப்போட்டாலும், தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் புதிதாக ஆக்கிக் கொடுக்கச் சில மணி நேரம் ஆகும். இந்திய நஞ்சுமுறிக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி, வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வட தமிழ்நாட்டில் பிடிக்கும் பாம்புகளிலிருந்தே கிடைக்கிறது. அந்தச் சங்கத்தின் உழைப்பு போற்றத்தக்கது; ஆயினும் ஒரே வட்டாரத்து நஞ்சை நம்பியிருப்பது போதாது. கரிசல் காட்டிலும் கரிமூட்டத்திலும் பாடுபடுவோரைக் கடிக்கும் பாம்புகளின் நஞ்சும் ஆய்வுக்கூடத் தட்டுக்கும் குதிரைக்கும் சென்று சேர, அரசும் ஆய்வு நிறுவனங்களும் வழிசெய்ய வேண்டும்.