உண்கலனும் ஒட்டுப்பசையும்

ஆட்டுக்கல்லில் உழுந்து அரைத்த நாளிற் பசைக்கு அங்கு வேலையே இருந்ததில்லை. கோயம்புத்தூரில் 1955 ஆம் ஆண்டு சபாபதி என்பார் மின்விசையால் இயங்கும் அரைகல்லை அறிமுகஞ் செய்தார். அதன் வழிவந்து இன்று யாழ்ப்பாணத்து அடுக்களைகளிலும் இடம்பெற்றுள்ள சிறிய கிறைண்டர்கள் பலவற்றிலே, கறையிலுருக்குப் பாத்திரத்தின் அடியிற் கருங்கல் பசையினாலேயே பொருத்தப்பட்டுள்ளது. அக்கல் கழன்றுவிடின், திருத்துவோர் இரும்புக்கடையிற் கிடைக்கும் ஏதேனுமொரு பசையைப் பூசித் தருவதுண்டு. மறுநாள் அதில் அரைத்த மாவைப் பிள்ளைகள் உண்கின்றனர். அப்பசை யாது என வினவுவார் அரியர்.

சந்தையில் எவர்சில்வர் எனப்படும் கறையிலுருக்கு, பசைக்கு எளிதில் இணங்கும் உலோகமன்று. உணவுக்கலங்களுக்குரிய 304 என்னும் வகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள. குரோமியம் வளியின் ஒட்சிசனோடு கூடி மேற்பரப்பில் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படையை ஆக்குகின்றது. துருவைத் தடுக்கும் அப்படையும், பரப்பின் வழுவழுப்பும், படிந்த எண்ணெயும் சேர்ந்து ஒட்டைத் தளர்த்துகின்றன. அன்றியும், சூடேறும்போது உருக்குக் கருங்கல்லினும் ஏறக்குறைய இருமடங்கு விரியும்; கொதிநீர் ஊற்றிக் கழுவுந்தோறும் இடைப்பட்ட பசை இழுபடும். கல் சற்றே எழுந்தால் மா உள்ளே புகுந்து அழுகிக் கிடக்கும். நம் கடலோரக் கிணறுகளின் உவர்நீரிலுள்ள குளோரைட்டும் அவ்விடுக்கிலே தங்கி உருக்கை அரிக்கும். கறையில்லாதது என்னும் பெயர் அவ்விடத்திற் பொய்த்துவிடும்.

பசைகளுள் முதற்கண் கருதத்தக்கது எப்பொக்சி. பிசினும் அதனை இறுக்கும் பொருளுமென இரு கூறாய் வருவது அது. உரிய அளவிற் கலந்து முற்ற இறுகியபின் உணவோடு எளிதில் வினைப்படாது. அளவு பிழைத்தாலோ, இறுகுமுன் பயன்படுத்தினாலோ, வினைபுரியாது எஞ்சிய பொருள்கள் மாவினுட் கசியும். கண்மதிப்பாகப் பிதுக்கிக் கலக்கும் வழக்கம் இதனாற்றான் தீது. சிலிக்கோன் வெப்பந் தாங்கும், நெகிழ்ந்து கொடுக்கும். விளிம்பு அடைக்க ஏற்றது, கல்லைப் பிடித்திருக்கப் போதாது. குளியலறைக்கென விற்பதிற் பூஞ்சணங்கொல்லி கலந்திருத்தல் உண்டு. அது அடுக்களைக்கு ஆகாது. நொடியில் ஒட்டும் பசையோ வெந்நீருக்கும் அதிர்ச்சிக்கும் நில்லாது.

இனி, ‘உணவுக்கு ஏற்றது’ என்று பெட்டியில் எழுதியிருப்பதனால் மட்டும் அமைதல் கூடாது. உணவைப் பொதியவும் வைத்திருக்கவும் உதவும் பொருள்களின் பசைபற்றிக் கூறும் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஒழுங்குவிதி 175.105, பசைக்கும் உணவுக்குமிடையே தடுப்பு இருத்தல் வேண்டும், அன்றேற் பொருத்தின் விளிம்பில் மிகச் சிறிதளவே உணவைத் தொடலாம் என வரையறுக்கின்றது. பசையின் இயல்போடு அது நிற்குமிடமும் எண்ணப்படுதல் காண்க. எவ்விதிக்கு அமைந்தது, எவ்வெப்பநிலைவரை தாங்கும், எத்தனை மணிநேரத்தில் முற்ற இறுகும் என்பவற்றைக் கூறும் தாள் இல்லாத பசையை வாங்காது விடுதலே நன்று.

ஒட்டுமுன் பழம்பசையை முற்றச் சுரண்டி, உருக்கை அரத்தாளால் தேய்த்து, அசற்றோனால் எண்ணெய் நீக்கிக் கல்லையும் நன்கு உலர்த்துக. விளிம்பிற் பிதுங்கும் பசையை இறுகுமுன் வழித்துவிடுக. முதலில் அரைக்கும் அரிசியைக் கொட்டிவிடுதல் வேண்டும். கைப்பிடி, குழாய்வாய் முதலியவற்றுக்கோ பசையை நாடவே வேண்டா. ஆகன் வாயு சூழ உருக்கிப் பொருத்தத் தெரிந்த தொழிலாளரிடம் கொடுக்கலாம். காரீயம் கலந்த பற்றாசு மட்டும் உண்கலத்தை அணுகலாகாது.