பெருமாளும் சிக்கன் பிரியாணியும்

எங்கள் ஆபீஸில் ஆறு பேர் சேர்ந்து, ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு ஒரு புண்ணிய காரியம் செய்தோம். நண்பனின் பிறந்தநாளுக்கு, வடமதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு. மெனு? சிக்கன் பிரியாணி! ‘‘பெருசுங்க எல்லாம் அசந்து போயிடணும்டா’’ என்பது நண்பனின் உத்தரவு.

அசந்துதான் போனார்கள். அன்று புரட்டாசி சனிக்கிழமை!

நெற்றியில் நாமத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல், ‘‘தம்பி, கொஞ்சம் மோர் சோறு கிடைக்குமா?’’ என்றார். பந்தியில் பாதிப் பேர் அதையே கேட்க, நாங்கள் ஆறு பேரும் அசடு வழிந்தோம். மிச்ச பிரியாணியை யார் சாப்பிட்டது என்கிறீர்களா? ஹி... ஹி...

கிளம்பும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘‘அதை விடுங்க தம்பி. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போவீங்களா? பார்த்து ரெண்டு வருஷமாச்சு’’ என்றார்.

கோயில் அங்கிருந்து மூன்றே கிலோமீட்டர்! இல்லத்தைக் குறை சொல்ல முடியாது. வேளைக்குச் சோறு, மாத்திரை, டி.வி. எல்லாம் உண்டு. இருக்கிற ரெண்டு ஆள் அடுப்பைப் பார்ப்பார்களா, கோயிலுக்குக் கூட்டிப் போவார்களா?

அடியேன் பி.காம். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-ல் மத்திய அரசு கொண்டு வந்த சட்டம், ‘பராமரிப்பு’ என்றால் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று பட்டியல் போட்டது. நல்ல சட்டம். ஆனால், ‘பெருமாளைப் பார்ப்பது’ என்ற அயிட்டம் எந்தச் சட்டத்தில் வரும்?

1976-ல் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு மனோதத்துவப் பெண்மணிகள் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், ‘உங்கள் விஷயத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று சொல்லி, வளர்க்க ஆளுக்கொரு செடியும் கொடுத்தார்கள். இன்னொரு மாடியில் எல்லாம் நர்ஸுகள் பொறுப்பு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது உட்பட! மூன்றே வாரத்தில், முதல் மாடிக்காரர்கள்தான் அதிக உற்சாகமாக நடமாடினார்கள்.

அங்கே செடி, இங்கே பெருமாள். ‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று யாராவது கேட்டால் போதும், பாதி சீக்கு ஓடிப்போகும் போலிருக்கிறது. அடுத்த பிறந்தநாளுக்கு இல்லத்துக்குப் போகிற சகோதரர்களே, கேமராவை எடுக்குமுன் காலண்டரைப் பாருங்கள். அப்படியே, அவர்களையும் கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டோ வைத்துப் பெரியவரைக் கூட்டிப் போனேன். சந்நிதியில் அர்ச்சகர், ‘‘யார் பேருக்கு?’’ என்றார்.

நாலு வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத மகனின் பெயரை, நட்சத்திரத்தோடு தெளிவாகச் சொன்னார் பெரியவர்.